அம்மாவின் கட்டிலில் அப்பாவின் கார்

ரூமா,
2 செப்டம்பர் 2006

ஒப்ராத்,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுதாகப் படி.

உன் அத்தான் நெஸ்தோர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. வலது கையும் வலது காலும் இன்னும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. படுக்கையறை மாடியில் இருக்கிறது, பதினான்கு படி. இரண்டு படிகூட ஏற முடியாமல் சமையலறை பெஞ்சில் படுக்கிறார். அந்தப் பெஞ்ச் அவரைவிட ஒரு சாண் குட்டை. முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் உழைத்த மனிதருக்குச் சொந்த வீட்டில் காலை நீட்டிப் படுக்க இடமில்லை.

தரைமட்டத்தில் இருப்பது ஷெட் ஒன்றுதான். கொத்தனாரிடம் பேசிவிட்டேன். அக்டோபர் பதினைந்தாம் தேதி வந்து தரை போட்டு, சுவர் பூசி, கணப்பு வைத்துத் தருகிறார். பனி விழுவதற்குள் நெஸ்தோர் அங்கே படுத்தாக வேண்டும்.

ஆனால் அங்கே அப்பாவின் கார் ஆறு வருடமாக மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, கண்ணாடி இல்லை. "அடுத்த கோடையில உன்னை வச்சு ஓட்டிக் காட்டறேன்க்கா" என்று ஆறு கோடைக்கும் சொல்லிவிட்டாய்.

பதினைந்துக்குள் ஷெட்டில் இருக்கும் உன் சாமான் எல்லாவற்றையும் எடுத்துப் போ. இல்லையென்றால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவேன். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்காதே.

விதோசவா


கிக்கிந்தா,
9 செப்டம்பர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நான் 'அன்புள்ள' என்றுதான் ஆரம்பிப்பேன். உனக்குப் பிடிக்காவிட்டால் அடித்துவிட்டுப் படி.

அத்தானைப் பற்றி எழுதியது நெஞ்சைப் பிசைகிறது. ஷெட்டைக் காலி செய்கிறேன், அதில் பேச்சே இல்லை. ஆனால் 'எடுத்துப் போ' என்று எழுதிவிடுவது எளிது. அது என்ன உருளைக்கிழங்கு மூட்டையா? அச்சு கிடையாது. இடப்பக்கக் கதவுக்குக் கீழே துரு தின்ற தகட்டை வெட்டி எடுத்திருக்கிறேன், புதுத் தகடு இன்னும் வைக்கவில்லை. அந்த நிலையில் நாலு பேர் ஆளுக்கொரு மூலையைத் தூக்கினால் நடு தொய்ந்துவிடும். ஒருமுறை தொய்ந்த கார்க் கூட்டில் கதவு பிறகு ஜென்மத்துக்கும் பொருந்தாது.

அதனால் கூட்டுக்கு அடியில் சக்கரம் வைத்த சட்டம் ஒன்று செய்ய வேண்டும். போன வருடம் மரத்தில் ஒன்று செய்தேன், கடைத் தள்ளுவண்டிச் சக்கரங்களைப் போட்டு. முற்றத்துச் சரளையில் இறங்கியதும் ஒரு சக்கரம் முறிந்து, கூடு சுவரில் சாய்ந்தது. நீதான் ஜன்னலில் நின்று சிரித்தாயே. இந்த முறை இரும்பில் செய்கிறேன். பெரிய சக்கரம் கிடைப்பதுதான் பாடு, தேடுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் லீவு போட்டு வருகிறேன். இரும்புக்காரனைப் பற்றி இனிமேல் எழுதாதே. அது அப்பாவின் கார்.

தம்பி,
ஒப்ராத்


கிக்கிந்தா,
30 செப்டம்பர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் வைத்தியத்துக்காக வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்த நேரத்தில் வந்தது நல்லதாகப் போயிற்று. நம்மை ஒரே முற்றத்தில் விட்டால் வேலை நடக்காது. சாவியைப் பக்கத்து வீட்டு மிலுட்டின் கொடுத்தார்.

ஷெட் காலி! பெருக்கிக்கூட வைத்திருக்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு, 'என் தம்பியா இது' என்று நீயே கேட்பாய்.

எப்படி என்று கேள். சக்கரம் தேடி மூன்று ஊர் அலைந்தேன். கடைசியில் ஷெட்டின் பின்சுவரில், சாக்குகளுக்கு அடியில், அம்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டில் நிற்கிறது! ஒரு சாண் உயர ரப்பர் சக்கரம் நாலு, இரண்டில் பிரேக். அளந்து பார்த்தேன். காரில் முன் அச்சு இருந்த இடத்திலிருந்து பின் அச்சு இருந்த இடம் வரை இரண்டு மீட்டர். கட்டிலும் இரண்டு மீட்டர். ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. எனக்காகவே செய்து வைத்த மாதிரி.

கட்டில் காலை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் குறைத்தேன். தலைமாட்டையும் கால்மாட்டையும் அறுத்து நாலு தூண் செய்து சட்டத்தில் பற்றவைத்து, அச்சு மாட்டுகிற துளைகளிலேயே போல்ட் போட்டு இறுக்கினேன். கதவு வாசல்களில் குறுக்கே குழாய் கொடுத்தேன், தொய்யாமலிருக்க. பிறகு ஜாக்கியை இறக்கிவிட்டு ஒரு கையால் தள்ளினேன் அக்கா, ஒரே கையால். ஆறு வருடத்தில் முதல்முறையாக அப்பாவின் கார் எங்கும் சாயாமல் நகர்ந்தது. மிலுட்டின் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அடேய், பொணம் எழுந்து நடக்குதுடா!" என்றார். அவர் லாரியிலேயே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது என் முற்றத்தில் வாதுமை மரத்தடியில் நிற்கிறது.

இனிமேலாவது என்மேல் கோபம் குறையட்டும். அத்தானுக்கு என் முத்தம்.

தம்பி,
ஒப்ராத்


ரூமா,
4 அக்டோபர் 2006

ஒப்ராத்,

பெருக்கி வைத்த ஷெட்டைப் பார்த்தேன். நடுவில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் இல்லை.

அந்தக் கட்டில் நெஸ்தோருக்காக வைத்திருந்தது. வேறு எதற்காக அதைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பேன் என்று நினைத்தாய்? புது அறையில் அந்தக் கட்டிலைப் போட வேண்டும், தலைப்பக்கம் உயர்த்த வேண்டும், பிரேக் போட்டு அதைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நிற்கப் பழக வேண்டும். மருத்துவர் சொன்னது அது. அந்த நினைப்பில்தான் வெந்நீர் ஊற்றில் பத்து நாளும் அவருக்குத் தைரியம் சொன்னேன். "வீட்டுக்குப் போனா உங்களுக்குன்னு கட்டில் இருக்கு" என்று சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்தேன். நீ அதை அறுத்துக் காருக்கு அடியில் போட்டுவிட்டு அவருக்கே முத்தம் அனுப்புகிறாய்!

ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? உனக்குக் கண்ணில் பட்டது சக்கரம் மட்டும்தான். எப்போதும் அப்படித்தான். அந்தக் கட்டிலில் அம்மா எட்டு மாதம் கிடந்தாள். குளிப்பாட்டியது நான். புரட்டிப் படுக்க வைத்தது நான். எட்டு மாதத்தில் நீ ரூமாவுக்குப் பதினோரு முறை வந்தாய், அம்மாவின் அறைக்கு இரண்டு முறை வந்தாய். மற்ற நேரமெல்லாம் ஷெட்டில் சுத்தியல் சத்தம். அம்மா தூங்க முடியாமல் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

அம்மா போன பிறகு இரண்டு வருடமாக நம் குடும்பத்தைக் காக்கும் புனிதர் நிக்கோலாவின் நாளுக்கும் நீ வரவில்லை. கேட்டால், 'நீ கூப்பிடவில்லை' என்றாய். நிக்கோலாவின் நாளுக்கு யார் யாரைக் கூப்பிட்டார்கள்? வருகிறவர்கள் வருவார்கள், மேஜை போட்டிருக்கும். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். கூப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். இந்த வருடம் வராதே.

விதோசவா


கிக்கிந்தா,
12 அக்டோபர் 2006

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம் வந்தது.

அந்தக் கட்டிலைக் கொண்டுவந்தது யார்? ஆஸ்பத்திரியில் பழைய கட்டில்களைக் கழித்தபோது மழையில் நின்று வாங்கி, சுரண்டி, வெள்ளை பெயின்ட் அடித்துக் கொடுத்தவன் நான். 'உன் சாமான் எல்லாவற்றையும்' என்று எழுதினாய். அத்தானுக்கு வைத்திருக்கிறாய் என்று ஒரு வரி எழுதக் கை வலித்ததா? அவமானப்படுத்த மட்டும் உனக்குப் பக்கம் பக்கமாக வரும்.

அம்மாவின் அறைக்கு ஏன் போகவில்லை என்று கேட்கிறாயே. கேள். முதல் முறை போனபோது அம்மா என்னை அப்பா என்று நினைத்துக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி ஓடுதா? ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரைக்குப் போலாமா?" என்றாள். நான் அப்பா குரலில் "ஓடுது" என்றேன். இரண்டாவது முறையும் அதே கேள்வி, அதே பொய். மூன்றாவது முறை என்னால் முடியவில்லை. ஷெட்டுக்குப் போய், அது நிஜமாகவே ஓடட்டும் என்று தட்டிக்கொண்டிருந்தேன். ஓட வைத்து, அம்மாவைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தேன். முட்டாள்தான். கார் கட்டை மேல் நிற்கும்போதே அம்மா போய்விட்டாள். அந்த முற்றத்தைத் தாண்டி வந்து மேஜையில் உட்கார எனக்கு முகமில்லை, அதனால்தான் 'கூப்பிடவில்லை' என்றேன்.

ஊரில் குடிகாரனைக்கூட யாரும் புனிதர் நாளில் வராதே என்று சொன்னதில்லை. நீ சொல்லிவிட்டாய். சரி. வர மாட்டேன்.

ஒப்ராத்


ரூமா,
20 நவம்பர் 2006

ஒப்ராத்,

உன் கடிதத்துக்கு ஐந்து வாரம் பதில் போடவில்லை. போட்டிருந்தால் இன்னும் மோசமாக எழுதியிருப்பேன்.

சனிக்கிழமை சந்தையிலிருந்து வந்தால் வாசலில் கட்டில் நிற்கிறது. மிலுட்டின் தன் லாரியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். "அவன்தான் கொடுத்தனுப்பினான். ஏத்திவிட்டுட்டு உள்ள போயிட்டான்" என்றார். பற்றவைத்த இடங்களை எண்ணினேன். பதினாறு. ஒவ்வொன்றையும் கை கிழிக்காதபடி ராவி, மறுபடி வெள்ளை அடித்திருக்கிறாய். பக்கத்தில் புதிதாக ஒரு கைப்பிடி, இடது கைக்கு. வெட்டிய காலை நீட்டாமல் அப்படியே விட்டிருக்கிறாய். முதலில் அதைப் பார்த்துத்தான் திட்டினேன். பிறகு நெஸ்தோரை உட்கார வைத்தேன். குனிந்து கீழே பார்த்தார். "கால்... தரையில படுது" என்றார். கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். உனக்காக எழுதுகிறேன்: ஏழு எண்ணும் வரை நின்றார்.

காரைப் பற்றி மிலுட்டினிடம் நான்தான் கேட்டேன். சட்டத்தைப் பிரித்தெடுத்த பிறகு கூட்டைப் பழைய டயர்களின் மேல் இறக்கினாயாம். இடப்பக்கம் தொய்ந்துவிட்டதாம். "கதவு இனிமே மூடாது, அவனுக்கே தெரியும்" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் பொறுத்து வேறு சட்டம் செய்துவிட்டுக் கட்டிலை அனுப்பியிருக்கலாம், யார் உன்னை விரட்டினார்கள்? நான்தான். தெரியும். எழுத வேண்டாம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கேட்காமல் கட்டிலை அறுத்தாய், அது அறுத்ததுதான். ஆனால் நீ எழுதியதை நான் இரண்டு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். அம்மா என்னிடமும் கேட்டாள், ஒப்ராத். தினமும் கேட்டாள். சுத்தியல் சத்தம் கேட்டால், "உங்கப்பா வண்டிய பாக்கறாரு, ஓடுதா?" என்பாள். நானும் "ஓடுதும்மா" என்றுதான் சொன்னேன். எட்டு மாதமும் அதையேதான் சொன்னேன். உன்னைப் போல ஓடிப் போய் ஒளிய எனக்கு ஒரு ஷெட் இல்லை.

நிக்கோலாவின் நாள், டிசம்பர் பத்தொன்பது, இந்த முறை செவ்வாய்க்கிழமை. நோன்புக் காலம், இறைச்சி கிடையாது, மீன்தான். பாதிரியார் காலையில் வருவார், மதியம் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். நெஸ்தோரின் அறையிலேயே மேஜை போடுகிறேன், அவர் கட்டிலில் உட்கார்ந்தே சாப்பிட.

அக்டோபரில் நான் எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. அதற்கு மேல் என்னால் ஒன்றும் எழுத முடியாது. நம் வீட்டில் யாரையும் கூப்பிடுகிற வழக்கம் இல்லை.

அக்கா,
விதோசவா