நெய்ச்சோற்றுச் சட்டி

வியாழன் இரவு.

மார்புப் புற்றுக்கு ஏற்றும் மருந்தில் என் இதயம் பலவீனப்பட்டிருக்கிறதாம். உடம்பில் ஏறிய கொழுப்பு அதை இன்னும் வருத்துகிறதாம். எடையைக் குறைக்கவே வேண்டும் என்று டொக்டர் இன்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஊர் தில்லையடிக்குத் திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும், கணவரின் தாயான மாமி நெய்ச்சோற்றை உருட்டி என் வாயில் திணித்தார்.

"மருந்து ஏத்துற புள்ள மெலியக் கூடா. தின்னு மகள்."

சட்டியைப் பறித்துச் சுவரில் அடித்தேன். அது சிதறியது.

"என்ட உம்மாவுக்கா எறியிறாய்?" என்று கணவர் கையை ஓங்கினார்.

"அடிங்க. இந்த நெஞ்சிலயே அடிங்க. அது நிண்டா எல்லாருக்கும் நிம்மதி."

அவர் கதவில் குத்தினார். பலகை பிளந்தது, விரலெல்லாம் இரத்தம். நான்தான் துணி சுற்றிக் கட்டினேன்.

"டொக்டர் என்ன சொன்னாரு?" என்று அப்போதுதான் கேட்டார்.

சொன்னேன். சோற்றைக் கூட்டிக்கொண்டிருந்த மாமியின் கை நின்றுவிட்டது.