மாலை போட்ட நாற்பத்தெட்டு நாள்

கார்த்திகை பிறந்துவிட்டது, தீபத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. இன்று காலை வேங்கிக்காலில் என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மாலை போட்ட ஒருவர் சந்தன வாசனையோடு கடந்து போனார். பாவம், நல்ல மனிதராகவே இருக்கலாம். எனக்குத்தான் உன் ஞாபகம் வந்து அந்த வாசனை ஆகாமல் போயிற்று.

கலெக்டர் ஆபீஸ் எதிரில் மனு எழுதிக் கொடுப்பவள் நான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த நீ, ஏழு வருஷத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை கன்னம் வீங்கி வந்து நின்றாய். நீ வாய் திறக்குமுன்பே, 'கணவர் குடிபோதையில் துன்புறுத்துகிறார்' என்று தட்டச்சு செய்துவிட்டேன். வருகிற பெண்களுக்கெல்லாம் அதே வரிதான். கை பழகிவிட்டது.

மனு போகுமுன்பே சேதி வீட்டுக்குப் போய்விட்டது. "குடிதானே கோளாறு?" என்றார் உன் மாமனார். உன் புருஷன் மாலை போட்டான், குடியை நிறுத்தினான். எல்லோருக்கும் திருப்தி. "இனிமே எல்லாம் சரியாயிடும், போடி" என்று உன்னை பஸ் ஏற்றிவிட்டதும் நான்தான்.

இருபதாம் நாள் கையில் கட்டோடு திரும்பி வந்தாய்.

"ஒரு சொட்டு குடிக்கலடி. சுத்தபத்தமாத்தான் இருக்காரு. காலைல கால்ல வேற வுழுந்து கும்புடறேன். சாமியே அடிச்சா யார்கிட்ட மனு குடுக்கறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான்தான் அழுதேன்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கேட்டேன். கல்யாணமான மாசமே உன் போனை வாங்கிப் பார்த்தான். அப்புறம் அம்மா வீட்டுக்குப் போகாதே என்றான். வேலையை விடச் சொன்னான். முதல் அறை அதற்கெல்லாம் பிறகுதான் விழுந்தது. "குடிச்சுட்டு வேற யாரையாவது அடிச்சிருக்காரா?" என்றேன். "என்னை மட்டுந்தான்" என்றாய். குடி என்ற சொல்லே இல்லாமல் இரண்டு பக்கம் எழுதினேன்.

நீ திரும்பிப் போகவில்லை. செங்கம் ரோட்டு விடுதியில் ஆறு வருஷம் இட்லி ஊற்றினாய், இஷ்டத்துக்கு போனில் பேசிக்கொண்டு. போன தை மாதம் உன்னைக் கொண்டுபோனது புற்றுநோய், அவன் இல்லை. அதில் எனக்கு ஒரு ஆறுதல். தப்பாக நினைக்காதே.

அந்தச் சந்தன வாசனை போகுமுன்பே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். "குடிச்சுட்டு அடிக்கறாருக்கா, எழுதுங்க" என்றாள்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். "குடிக்காத அன்னைக்கு?"

காத்திருந்தேன். உனக்காக அன்று காத்திருக்காத நேரத்தையும் சேர்த்துக் காத்திருந்தேன்.