அச்சரப்பாக்கம் அண்ணாத்த

10.09.2008, புதன்

உலகம் இன்று அழியவில்லை. சாயங்காலம் ஐந்து வரைக்கும் டெலிபோன் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்து, லேண்ட்லைன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர்களின் மனுக்களை வாங்கினேன். பதினொரு பேர். உலகம் அழியப்போகிற அன்றைக்கும் வரிசையில் நின்று போனை ஒப்படைக்கிற ஜனம்!

ஐரோப்பாவில் எங்கோ பூமிக்கடியில் சுரங்கம் தோண்டி அணுத்துகளை மோதவிடுகிறார்களாம். அதில் ஒரு கறுப்புக் குழி பிறந்து நம்மையெல்லாம் முழுங்கிவிடும் என்று டிவியில் ஒரு வாரமாகக் கத்தினார்கள். ஆபீஸ் விட்டதும் நேரே ராட்டினங்கிணறு ஸ்டாப்பிங்கில் குமார் பிரவுசிங் சென்டர். எலிப்பொறியைத் திறந்தால் அங்கே ஒரே கூத்து. கம்ப்யூட்டர், செல்போன் செய்திகளைத் தமிழில் போடுகிற தளம் அது. செய்தி நாலு வரி இருக்கும், அதன் கீழே நம்ம ஆட்களின் பின்னூட்டம் நாற்பது இருக்கும். செய்தியை எவன் படிக்கிறான்?

'தயிர்சாதம்' என்ற பெயரில் ஒருவர்: "அழியறதுதான் அழியுது, சம்பளத் தேதி கழிச்சு அழியக் கூடாதா?"

'பெஞ்ச் மன்னன்': "எங்க கம்பெனியில மூணு மாசமா எனக்கு ஒரு வேலையும் குடுக்காம பெஞ்சுல உட்கார வெச்சிருக்காங்க. உலகம் அழிஞ்சாலும் எனக்கு மெயில் வராது. யாராவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கப்பா."

வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. பெஞ்ச் மன்னன் என் பிள்ளை கிரிதர். சிறுசேரியில் வேலை. அந்த வேலை ஆட்டம் கண்டிருப்பதே எனக்கு இப்படித்தான் தெரியவேண்டியிருக்கிறது.

நானும் போட்டேன். அங்கே என் பெயர் அச்சரப்பாக்கம் அண்ணாத்த. ஐம்பத்தைந்து வயது ஆண், உரக்கடை முதலாளி. "இன்னாத்துக்கு நைனா இவ்ளோ செலவு பண்ணி மோதவிடணும்? ஜிஎஸ்டி ரோட்டாண்ட வந்து நில்லு. ஒரு மணி நேரத்துல நாலு மோதல் ஓசில பாத்துகினு போலாம்."

அடுத்த நிமிஷமே பெஞ்ச் மன்னன்: "அண்ணாத்த, நோபல் பரிசு உங்களுக்குத்தான்!"

ஒன்பது மாசத்துக்கப்புறம் என் பிள்ளை என்னைப் பாராட்டுகிறான். யாரென்று தெரியாமல்.

13.09.2008

குமார் இன்று நேராகக் கேட்டுவிட்டான். அவனும் கிரியும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதம். கிரி எலிப்பொறியில் பெஞ்ச் மன்னனாக எழுதுகிறான் என்று ஜூலையில் வாய் தவறி உளறியவனும் அவன்தான்.

"இன்னாம்மா இது, ஆம்பள பேரு வெச்சிகினு? ஒரு போன் போட்டு பேசுனா முடிஞ்சிபூடுமில்ல?"

"உன் வேலையைப் பார்ரா" என்றேன். பாவம், டீ வாங்கிக்கொடுத்தான்.

முடிந்துபோகிற விஷயமா அது? போன டிசம்பர் மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்து, இரண்டு நாளாக வீட்டு போன் செத்துக் கிடந்தது. அந்தச் சாயங்காலம்தான் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தது. தீபாவளிக்குக் கிரி வாங்கிக் கொடுத்த செல்போன் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. அதைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டவள் நான். முப்பது வருஷம் ஊருக்கே டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவளுக்கு இந்தச் சோப்புடப்பா எதற்கு என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு ரூபாய் போன் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. செங்கல்பட்டில் பாதிப் பேர் நம்பர் எனக்கு மனப்பாடம். என் பிள்ளையின் பத்து இலக்க நம்பர் தெரியாது. அது அந்தச் செல்போனுக்குள் இருந்தது.

விடிந்தபிறகு குமார் மூலம் சேதி போய், கிரி வந்து சேர்ந்தபோது இவர் உயிர் போயிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் ஆனதும் சொன்னான்: "உன் வீம்புதாம்மா அப்பா முகத்தை உயிரோட எனக்குக் காட்டாம பண்ணிடுச்சு."

நான் என்ன சொன்னேன்? அழுதிருக்கலாம். ஆமாண்டா என்றிருக்கலாம். "அப்போ இந்த வூட்டுப் படி ஏறாதே" என்றேன். அவன் ஏறவில்லை. என் வாய்க்குத்தான் சூடு போடணும்.

02.10.2008

லீவு. குமார் கடையும் லீவு. என்ன செய்வதென்றே தெரியவில்லை.

22.10.2008, புதன்

நிலாவுக்கு ராக்கெட் விட்டுவிட்டார்கள்! காலையில் டிவியில் பார்க்கலாமென்றால், ஆறு மணிக்கே இங்கே கரண்டு போயிற்று. பக்கத்து வீட்டு ரேடியோவில்தான் கேட்டேன்.

சாயங்காலம் எலிப்பொறியில் நூற்றுப்பத்துப் பின்னூட்டம். தயிர்சாதம் தேசபக்தியில் உருகி நாலு பத்தி எழுதியிருந்தார். நான் விடுவேனா? "நிலாவுக்கு போறது கரெக்டுதான் வாத்யாரே. போற ராக்கெட்டு அப்டியே ஒரு ஒயர இட்டுகினு போயி அங்கேர்ந்து கொஞ்சம் கரண்டு அனுப்சா, எங்கூருக்கு புண்ணியமா பூடும்."

தேசத்துரோகி என்று எட்டுப் பேர் பாய்ந்தார்கள். பெஞ்ச் மன்னன் எனக்காக எட்டுப் பேரோடும் மல்லுக்கு நின்றான். "அண்ணாத்த சொல்றதுல இன்னா தப்பு? அவர் ராக்கெட்டைத் திட்டல, டிரான்ஸ்ஃபார்மரைத் திட்றாரு." சின்ன வயசிலும் இப்படித்தான். தெருவில் யாருக்குச் சண்டை என்றாலும் நடுவில் போய் நிற்பான், சட்டையைக் கிழித்துக்கொண்டு வருவான்.

சண்டை அடங்கியதும் என்னை அறியாமல் எழுதிவிட்டேன்: "அதெல்லாம் கெடக்கட்டும், நாஸ்தா துன்னியா நீ?"

"இல்ல அண்ணாத்த. மேன்ஷன்ல ரூம்மேட் சமைக்கிறான். அவன் வைக்கிற சாம்பார்ல நிலாவை விட பள்ளம் ஜாஸ்தி."

நாவலூர் ஃபிளாட்டை விட்டு மேன்ஷனுக்குப் போய்விட்டானா? எப்போது? வீட்டுக்கு வந்து தட்டில் சோறு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

05.11.2008

இவருக்குத் தலை திதி டிசம்பர் நாலாம் தேதி என்று ஐயர் பார்த்துச் சொன்னார். பிள்ளை வந்து எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். மகாபலிபுரம் கடலில் கொடுத்தால் விசேஷம் என்றார்.

குமாரிடம் சொல்லியனுப்பலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினான். "படி ஏறாதேன்னது நீங்க. நீங்க கூப்ட்டாதாம்மா வருவான். நான் சொன்னா மூஞ்சிய திருப்பிகினு பூடுவான்."

இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. கூப்பிட்டு வராமல் போனால்? அதைத் தாங்க என்னால் ஆகாது. கூப்பிடாமல் இருந்தால், அவன் வரவில்லை என்று இவரிடம் யார் சொல்வது? திருவேங்கடம், உங்க பிள்ளைதானே, நீங்களே சொல்லுங்களேன் அவனுக்கு!

15.11.2008, சனி

படுக்கிற நேரம் தாண்டிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

எலிப்பொறியில் இன்றைய செய்தி, செல்போன் பெருகி லேண்ட்லைன் குறைகிறது என்பது. கவுன்டரில் தினம் பார்க்கிற எனக்கு இது ஒரு செய்தியா? கீழே எல்லோரும் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். லேண்ட்லைனுக்குப் பாடை கட்டலாம், பதினாறாம் நாள் எப்போது, வடை உண்டா என்றெல்லாம்.

பெஞ்ச் மன்னன் மட்டும் விளையாடவில்லை. "போன வருஷம் ஒரு ராத்திரி பூரா செத்த லைனுக்கு அடிச்சுகினே இருந்தேன். எங்கப்பா அன்னிக்குத்தான் போனாரு. பாடை ஜோக் வேணாம் பசங்களா."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அண்ணாத்தயின் வாயால் என் தப்பை ஒப்புக்கொள்ள ஒரு வழி கிடைத்தது என்று நினைத்தேன்.

"லைன் மேல தப்பில்ல தம்பி. வூட்ல ஒரு செல்போனு வெச்சிருக்கணும். உங்க அம்மா மேலதான் தப்பு" என்று எழுதினேன்.

வந்ததே கோபம் அவனுக்கு!

"அண்ணாத்த, வயசுல பெரியவருன்னு பாக்கறேன். எங்கம்மாவப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்? வெள்ளம் வந்தப்ப ரெண்டு நாள் வூட்டுக்கு வராம எக்ஸ்சேஞ்ச் போர்டுலயே உட்கார்ந்து ஊருக்கு லைன் போட்டவங்க அவங்க. அவங்க குரலைக் கேட்டாலே பயம் போயிடும்னு ஜனங்க சொல்லுவாங்க. அந்த மெஷினைத்தான் அவங்க நம்புனாங்க. இன்னொரு மெஷின் வந்து அவங்களை போர்டுலேர்ந்து எழுப்பி கவுன்டர்ல உட்கார வெச்சுதுன்னா, அப்புறம் வந்த செல்போனைக் கையால தொட மனசு வருமா? அது எனக்குப் புரிஞ்சிருக்கணும். புரியல. துக்க வூட்ல நின்னுகினு பேசக் கூடாததைப் பேசிட்டேன்…"

இருபது வரிக்கு மேல். போய்க்கொண்டே இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே படித்தேன். சிரிப்பும் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூச்சு விடாமல் பேசுவானே, அதே பிள்ளை. அப்போதெல்லாம் நான் போர்டில் சொல்வதையே அவனிடமும் சொல்லி நிறுத்துவேன். டிரங்க் காலில் மூன்று நிமிஷம் முடிந்ததும் ஆபரேட்டர் நடுவில் வந்து கேட்கவேண்டும், அதுதான் வழக்கம்.

விரல் தானாக அடித்துவிட்டது. "மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கவா?"

அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் என்ன எழுதினேன் என்று பார்த்தேன். ஐயோ! உரக்கடைக்காரன் பேசுகிற பேச்சா இது?

அவனிடமிருந்து பதில் வரவில்லை.

16.11.2008

வரவில்லை.

19.11.2008

புதுசாகத் தொடுதிரை போன் ஒன்று வந்திருக்கிறதாம். தயிர்சாதமும் மற்றவர்களும் அடித்துக்கொள்கிறார்கள். "அண்ணாத்த, உங்க கருத்து இன்னா?" என்று கேட்டார்கள். அண்ணாத்தவுக்குக் கருத்து ஒன்றும் இல்லை. பெஞ்ச் மன்னனைக் காணோம்.

23.11.2008

கண்டுபிடித்துவிட்டான். ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்திருப்பான். இருந்த ஒரு சன்னலையும் நானே சாத்திக்கொண்டேன். திதிக்குப் பதினோரு நாள்.

27.11.2008, வியாழன்

புயல். மூன்று நாளாக மழை விடவே இல்லை. கொளவாய் ஏரி ரோட்டுக்கு வந்துவிட்டது. ஆபீசுக்குப் போக வழியில்லை.

காலையில் ரிசீவரை எடுத்தேன். செத்திருந்தது. வருஷம் திரும்பி அதே மழை, அதே செத்த லைன். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். லைன்மேன் ஆபிரகாம் தண்ணீர் வடிந்தால்தான் வரமுடியும்.

பீரோவைத் திறந்தேன். புடவைகளைத் தரையில் தள்ளினேன். சோப்புடப்பா இருந்தது, சார்ஜரோடு. பத்து மணிக்கு ஒரு மணி நேரம் கரண்டு வந்தது, சொருகினேன். பிரயோஜனம் இருக்காது என்று தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? மாசாமாசம் ரீசார்ஜ் செய்யாத நம்பரைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வெட்டிவிடுவார்கள். இது ஒரு வருஷமாகப் புடவைக்கடியில் கிடந்த நம்பர்.

சிக்னல் வந்தது. நாலு கோடும் நின்றது.

ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. போன வாரம்தான் ரீசார்ஜ் ஆகியிருக்கிறது. செல்லுபடியாகும் காலம் டிசம்பர் வரை.

இந்த நம்பர் உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அணைத்து வைத்த போனுக்கு, படி ஏறாதே என்றவளின் போனுக்கு, வேலை இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மாசம் தவறாமல்… அடப்பாவி. தரையில் புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். இவர் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

உள்ளே ஒரே பெயர்தான் இருந்தது. கிரி. பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

முதல் மணிக்கே எடுத்தான். இரண்டு பக்கமும் மழைச் சத்தம். பழக்கதோஷம், கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. பெரிய முள் நகர்ந்தது.

"தப்பு என்னுதுதாண்டா" என்றேன். "எடுத்து கையில வெச்சிருக்கணும். வராதேன்னதும் தப்பு. அப்பாவுக்கு நாலாந்தேதி திதி. வந்துடுடா."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "பன்னெண்டு நாளா இந்த நம்பருக்குத்தாம்மா அடிச்சுகினு கீறேன். ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்னே வருது."

"வூட்டு நம்பருக்கு அடிக்கறதுதானே?"

"அதை நீ பழக்கத்துல எடுத்துடுவே. இதை எடுத்தீன்னா எனக்காக எடுத்த மாதிரி இருக்கும்னு பாத்தேன்."

தரையில் கிடந்த புடவையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"மூணு நிமிஷம் ஆச்சும்மா" என்றான். "நீட்டிக்கவா?"

"நீட்டுடா" என்றேன்.

04.12.2008, வியாழன்

விடியற்காலை பஸ்ஸில் மகாபலிபுரம். கடல் இன்னும் கலங்கியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கிரி எள்ளும் தண்ணீரும் விட்டான். இளைத்துவிட்டான், முதுகெலும்பு தெரிகிறது. திருவேங்கடம், உங்க பிள்ளை வந்துட்டான், பாத்துக்குங்க.

06.12.2008, சனி

குமார் கடைக்கு இரண்டு பேரும் போனோம். ஒரு கம்பெனி தன்னுடைய நூறு கோடியாவது மவுஸைச் செய்து முடித்துவிட்டதாம். எலிப்பொறிக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்குமா? தயிர்சாதம் பொங்கல் வைக்கிறேன் என்கிறார். அதற்கு நடுவில் பத்துப் பேர், அண்ணாத்த எங்கே, உடம்பு சரியில்லையா, மழையில் கடை முழுகிவிட்டதா என்று விசாரித்திருந்தார்கள். முகம் தெரியாத பிள்ளைகள்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல கண்ணுங்களா. புள்ள வூட்டுக்கு வந்துகீறான். அதான் கடைய சாத்திட்டேன்" என்று எழுதினேன்.

பக்கத்து கம்ப்யூட்டரில் டொக் டொக்கென்று சத்தம். பெஞ்ச் மன்னன் கேட்கிறான்: "அண்ணாத்த, புள்ளைக்கு ராவுல இன்னா சமையல்?"

ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறவன் வாயால் கேட்டால் என்ன? திரும்பிப் பார்த்தேன். திரையையே பார்த்துக்கொண்டு கன்னத்துக்குள் சிரிக்கிறான், அப்பா மாதிரியே.

"வாழக்கா வறுவலும் ரசமும்" என்று ஒற்றை விரலால் அடித்தேன். வழியில் வாழைக்காய் வாங்கிக்கொண்டு வந்தோம்.