மோட்டாருக்கு வால் வைத்த வாரம்

1913 ஜூலை 14, திங்கள்

ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் ஆடிக்காற்று. முருங்கைக் கிளை ஒன்று முறிந்தது. கொடியில் போட்ட சேலை அடுத்த வீட்டுக் கிணற்றடியில்.

பேரன் ஞானமுத்து தோற்றுவிட்டான். ஏரலில் தபால் பையை வாங்கி, திருநெல்வேலியில் பத்து மணி ரயிலுக்குச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் தபால் குத்தகை அவனுக்கு. தபால் துரை வைத்த பரீட்சை. போகும்போது காற்று முதுகில். பறந்திருக்கிறான். திரும்பும்போது எதிர்க்காற்று. மோட்டார் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி வந்து சேர்வதற்குள் ரயில் போயாயிற்று.

இப்போது குதிரை வண்டியில் தபால் கொண்டுபோகிற தச்சநல்லூர் அண்ணாச்சி, ஸ்டேஷனில் எல்லார் காதிலும் விழும்படி: "என்னவே, காத்தடிச்சா நின்னுபோவுமாம்லா ஒம்ம மோட்டாரு? எங்குதிரைக்குக் காத்துன்னா கொண்டாட்டம்வே."

சனிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று துரை சொல்லியிருக்கிறார். அதுவும் தவறினால் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிடுவானாம். அங்கே மோட்டார் ஓட்டத் தெரிந்தவனுக்கு வேலை உண்டாம். இவன் அப்பன், என் மகன், அப்படித்தான் போனான். காய்ச்சல் கண்டு அங்கேயே மண்ணானான். இவன் அம்மா, என் மருமகள் அன்னம்மாள், மத்தியானம் முதல் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

நம் தெருவில் மோட்டார் வைத்திருப்பவன் என் பேரன் ஒருவன்தான். சின்ன வண்டி, ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஓட்டிக் கழித்தது. இருக்கட்டுமே.

15, செவ்வாய்

உரலில் குத்திய உமியைப் புறவாசலில் புடைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் மேற்கே பார்த்து நின்றது. உமி பறந்து போய் வண்டியின் முன்கண்ணாடியில் முட்டி, மேலே எழும்பி, மேல்கூண்டைத் தாண்டிப் பின்னால் விழுந்தது. விழுந்தது போகவில்லை. அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றது. நாய் வாலைப் பிடிக்கச் சுற்றுமே, அப்படி.

"ஏலே, இங்கன வந்து பாரு" என்றேன்.

வந்தான். "இன்னுங் கொஞ்சம் போடுங்க ஆச்சி" என்றான். நான் சுளகைத் தட்டத் தட்ட அவன் வண்டியைச் சுற்றித் தவழ்கிறான். தலையெல்லாம் உமி. "முன்னால இடிக்கிற காத்துதான் தொல்லைன்னு இருந்தேன். பின்னால நின்னு இழுக்குது ஆச்சி. மீனைப் பாருங்க, தலை தடிச்சு, வால் பைய ஒடுங்கி..."

ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு இது தெரிந்ததே என்று அவன் சொல்லவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன்.

16, புதன்

வண்டி ஆசாரி வந்தார். வந்ததும் சிரிப்பு. "மோட்டாருக்கு வால் வைக்கச் சொல்லுதிய. நாளைக்குக் கொம்பும் கேப்பியளோ?"

"கொம்பு ஒம்ம பேச்சில இருக்கு. வேலையப் பாரும்" என்றேன்.

கழற்றியது: கூண்டு, சக்கரங்களின் மண்தட்டு நான்கு, விளக்கு இரண்டு. கண்ணாடியை எடுக்காமல் பின்பக்கம் சாய்த்தாயிற்று. அடிப்பக்கம் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி மூடியது. வாலுக்கு மூங்கில் வளைத்து, மேலே கோரைப்பாய் இழுத்துக் கட்டி, புன்னை எண்ணெய் இரண்டு பூச்சு. வீடு முழுக்க அந்த நாற்றம்.

உள்ளே அவன் இருக்கையை இறக்கி, கிட்டத்தட்டப் படுத்தாற்போல் வைத்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நான் ஏறிப்போகிற இருக்கை. உபதேசியார் பெஞ்சாதி வாய் பார்க்கிற இருக்கை.

"எடுத்துப் போடுலே" என்றேன்.

17, வியாழன்

மறுபடி உமி. இந்தத் தடவை வாலை வழித்துக்கொண்டு ஓடியே போயிற்று. ஆசாரி இரண்டு தரம் போடச் சொல்லிப் பார்த்தார். சிரிப்பைக் காணோம்.

சாயந்திரம் ஓட்டிப் பார்க்கப் போனவன் விளக்கு வைத்தும் வரவில்லை. பிறகு ஒரு மாட்டு வண்டி கயிறு கட்டி இழுத்து வந்தது. பனங்காடு முடிந்து வெட்டவெளி வருகிற இடத்தில் பக்கக்காற்று வாலைப் பிடித்துத் தள்ளி, வண்டி ஓடைக்குள். முழங்கைத் தோல் போயிற்று. அவ்வளவுதான் என்கிறான். அவ்வளவுதானா?

அன்னம்மாள் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்: "கொழும்புக்குப் போனாலும் உசிரோட இருப்பான். ஒங்க உமியைக் கேட்டு ஆடுதான்."

இவள் புருஷன் உயிரோடுதான் போனான்.

18, வெள்ளி

சாரல். காற்று குறையவில்லை.

வால் உயரம் அதிகமாம். பாய்மரம் மாதிரி காற்றை வாங்குகிறதாம். ஆசாரி பாதியாகத் தணித்தார். தபால் பையைப் பின்னால் வைக்காமல் காலடியில் வைத்தால் முன்பக்கம் கனத்து நிற்கும் என்று ஞானமுத்துவின் யோசனை. திங்களன்று ஏற்றிய பையின் கனத்துக்கு மணல் மூட்டை வைத்து ஓட்டினான். வண்டி பக்கக்காற்றுக்குச் சாயாமல் நின்றது. "இப்ப சொன்னபடி கேக்குது ஆச்சி."

அன்னம்மாள் என்னோடு பேசவில்லை. அவன் தகரப்பெட்டியில் துவைத்த வேட்டிகளை அடுக்குகிறாள். போகச் சொல்கிறாளா, தோற்பான் என்கிறாளா? ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். எதைக் கேட்பது? ஜெயிக்கவா, பத்திரமாக வரவா?

19, சனி

கிழக்கு வெளுக்கும்போது போனான். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, தலையில் துண்டு. படுத்த மாதிரி ஓட்டுவதால் தெருவில் யாருக்கும் ஆள் தெரியவில்லை. வண்டி தானே போகிறது என்று பால்காரி கூச்சல்.

இட்லியை யாரும் தொடவில்லை. நானும் அன்னம்மாளும் வாசலில். திரும்புகிறபோது நம் தெருமுனையைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மேற்கே இருந்து காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. ஒரு ஜட்கா. ஒரு வைக்கோல் வண்டி. சைக்கிளில் ஒரு வாத்தியார்.

பிறகு தூசி. அதற்குள்ளிருந்து வண்டி. பாய் ஒரு பக்கம் கிழிந்து படபடவென்று அடிக்கிறது. நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. நல்லது. அன்னம்மாள் என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் தெரியாது.

ரயில் கூவியது. வருகிற கூவலா, போகிற கூவலா? இருவருக்கும் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து வண்டி பைய வந்து நின்றது. முகம் முழுக்கப் புழுதி, பல் மட்டும் வெள்ளை.

"பை ஏறிட்டு ஆச்சி. அண்ணாச்சி வந்து வாலைத் தொட்டுப் பாத்தாரு. பாய் எங்க வாங்குனியன்னு கேக்காரு!"

திங்கள் முதல் குத்தகை அவனுக்கு. அன்னம்மாள் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து வேட்டிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். துவைத்தவைதான், இருக்கட்டும்.

21, திங்கள்

காற்று. இருட்டு பிரியும் முன்பே போய்விட்டான்.

அன்னம்மாள் வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கிறாள். "இனி தெனமும் இப்படித்தானா அத்தை?"

"தெனமுந்தான். ஒம் புருசனுக்காக வருசக்கணக்கா காத்துக் கெடந்தோம். இது பத்து மணி வரைக்குந்தானே."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.