முதலில் வந்த எண்

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை. அம்மா எழுந்து நடமாடுகிறாள், சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். போனில் சொன்னால் நீ குறுக்கே விழுவாய், அதனால்தான் கடிதம்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளக்கிறோம். செல்கள் வெளியே விடும் மிகச் சிறிய துணுக்குகள் அவை. அம்மாவுக்கு வந்திருக்கும் நோயில், அதில் ஒரு வகை அதிகமாக இருந்தவர்கள் பெரும்பாலும் நீண்ட நாள் இருக்கவில்லை. ஆராய்ச்சிதான், ஜோசியம் இல்லை. "அம்மாவுக்கும் பாத்துச் சொல்லுக்கா" என்று நீதான் நச்சரித்தாய். "நான் என்ன பரீட்சையா எழுதினேன், மார்க் கேக்கறான்?" என்று சிரித்துக்கொண்டே அம்மாவும் கையை நீட்டினாள்.

ரத்தம் எடுத்தது நான். புதிதாக வருபவர்களிடம், பதறாத காரியம் சிதறாது, மெல்ல இழுங்கள் என்று தினமும் ஓதுகிறவள், பெற்றவளின் கை என்றதும் ஊசியில் ரத்தத்தை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. அவற்றுக்குள்ளும் அதே துணுக்கு நிறைய உண்டு. வெளியே கொட்டினால் எண் எகிறிவிடும். மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் குழாயில் இளஞ்சிவப்பாக நின்றது. வேறு யாருடையதாக இருந்தாலும் அப்போதே தூக்கிப் போட்டிருப்பேன். அன்று என் கண்ணில் படவே இல்லை. எண்ணைப் பார்த்தேன், அழுதுகொண்டே உன்னைக் கூப்பிட்டேன். நீ உடனே டிக்கெட் எடுத்தாய்.

மறுநாள் என்னோடு வேலை செய்பவள் மிச்சமிருந்த குழாயைத் தூக்கிக் காட்டி, "ஏண்டி, உனக்குக் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று கத்தினாள். அவளே மறுபடி ரத்தம் எடுத்தாள். எண் பாதிக்கும் கீழே வந்தது. துள்ளிக் குதித்து உனக்குச் சொன்னேன். நீயும் "அப்பாடா! அப்போ அடுத்த வருஷம் நிதானமா வரேன்க்கா" என்று டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய்.

உன்மேல் கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். எண் குறைவாக இருந்த பலர் நீண்ட நாள் இருந்தார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அம்மா இருப்பாள் என்று அது யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

நீ வருகிறாய் என்றதும் அம்மா உன் அறையிலிருந்த தையல் மெஷினைக் கூடத்துக்குத் தள்ளி, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். நீ வரவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நல்ல சேதிதானே, சந்தோஷப்படேண்டி" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். ஆனால் மெஷினைத் திரும்ப உள்ளே வைக்க விடவில்லை. போகிற வழியில் நிற்கிறது, தினமும் என் காலில் இடிக்கிறது.

நேற்று அதில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே கேட்டாள்: "ஏண்டி, அந்த மொதல் நம்பரே சரியா இருந்திருக்கக் கூடாதா?"

பதிலை நீயே வந்து சொல். எங்கிருந்தாலும் நன்றாயிரு தம்பி, ஆனால் கொஞ்ச நாள் இங்கே வந்து இரு.

உன் அக்கா