மழைக்கு விலை ஏறிய மாதம்

2025 அக்டோபர் 6, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. டி.சி. கேட்டு மூன்று பேர் வந்தார்கள். ஹெச்.எம். லீவு, கையெழுத்துக்கு நாளை வரச் சொன்னேன். சாயங்காலம் பாளை மார்க்கெட்டில் கால் கிலோ வெண்டைக்காய். ஒருத்திக்கு அதுவே மூன்று நாள்.

ஏழரைக்குக் கரையூர் போனேன். கூடப் பிறந்து என்னோடவே இருந்த இன்பமணி அக்கா தன் மகனோடு ஓசூருக்குக் குடிபோய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷமும் ஏழரை மணிக்கு நான் போகும் ஊர் இந்தப் போன் விளையாட்டுக்குள் இருக்கும் கரையூர்தான். வயல் உழுவோம், ஆற்றில் மீன் பிடிப்போம், விற்போம். எங்கள் குழுவில் நான்கு பேர். மேலப்பாளையத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் சல்மான் ஃபாரிஸ்தான் தலைவர். ஸ்ரீவைகுண்டத்தில் வீட்டில் இருந்தே தையல் தைக்கும் கோமு. புன்னக்காயல் ஜேசுதாசன், நிஜத்திலும் மீன்பிடிக்கிறவர். அப்புறம் நான். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். முக்கால்வாசி நாள் அதுவும் இருக்காது, அவரவர் வேலையைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இன்று சல்மான் சொன்னார், "மழைக்காலப் பேக்குக்கு வெலயக் கூட்டிட்டானுவ. நூத்தி நாப்பத்தொம்பது இருந்தது இப்ப நானூத்தி நாப்பத்தொம்பது."

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பேக் வரும். வாங்கினால்தான் அந்தப் பருவத்து ஊருக்குள் போகலாம். வாங்காதவர்கள் பழைய வயலிலேயே கிடக்க வேண்டியதுதான்.

கோமு சிரித்தாள். "ரெண்டு பிளவுசு தைச்ச கூலி."

அக்டோபர் 8

விளையாட்டுக்கு ஜனங்கள் எழுதியிருக்கும் கருத்துகளை மதியச் சாப்பாட்டு நேரம் பூராவும் படித்தேன். எல்லாம் ஒரே ஒரு நட்சத்திரம். திட்டுகிறவர்கள்தான் அதிகம். ஒருவர் எழுதியிருந்தார்: 'மழை பெய்ஞ்சா கத்திரிக்கா வெல கூடும், சரி. மழைக்கே வெல கூடுனா யார்ட்ட போய்க் கேக்க?' இன்னொருவர்: 'மூணு வருஷமா உங்ககிட்டதான் இருக்கோம், எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.' பணத்தைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அது எனக்குப் புரிந்தது.

அக்டோபர் 10

சல்மான் முடிவு சொல்லிவிட்டார். விலை இறங்கும்வரை குழுவில் யாரும் வாங்கக் கூடாது. மற்றக் குழுக்களையும் சேர்த்துக் கம்பெனிக்கு ஒரு கடிதம் அனுப்பவேண்டும். "யாரு எழுத?" என்றார்.

நான் எழுதுகிறேன் என்றேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்து உட்கார்ந்து எழுதினேன். இருபத்திரண்டு வருஷம் பள்ளி ஆபீஸில் எழுதிய விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. ஒன்றையாவது யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. இன்று வாசித்துக் காட்டினேன். வசவு இல்லாமல், கெஞ்சாமல், மூன்று பத்தி. முடித்ததும் ஜேசுதாசன், "யக்கா, இன்னொரு வாட்டி வாசிங்க" என்றார்.

இரண்டாம் தடவை வாசித்தேன்.

அக்டோபர் 19

312 பேர் கையெழுத்து. என்னை 'மனு அக்கா' என்கிறார்கள். ஏழரைக்கு இப்போது எங்கள் வயலில் மற்றக் குழுக்களையும் சேர்த்து முப்பது நாற்பது பேர். யாரும் உழுவதில்லை. வரப்பில் நின்று பேச்சுதான். என்ன பதில் வரும், வராவிட்டால் என்ன செய்வது. எல்லாவற்றுக்கும் 'அக்கா என்ன சொல்லுதாங்க?' என்று கேட்கிறார்கள்.

கோமு தன் மாமியாரைப் பற்றி இருபது நிமிடம் பேசினாள். போன வாரம்வரை அவளுக்குக் கல்யாணம் ஆனதே எனக்குத் தெரியாது.

வெண்டைக்காயை மறந்து அழுகவிட்டேன்.

அக்டோபர் 26

ஜேசுதாசனின் மகள் மஸ்கட்டில் நர்ஸ். அவளும் கரையூர் விளையாடுகிறாளாம், அங்கே ஹாஸ்டல் பெண்களோடு வேறு குழு. அந்தப் பெண்கள் எல்லாரும் புதுப் பேக் வாங்கி மழைக்கால ஊருக்குப் போய்விட்டார்கள். "முன்னல்லாம் அவளும் நானும் ஆத்துல சேந்து வல போடுவோம். இப்ப அவ அங்கன, நா இங்கன" என்றார்.

"அப்ப வாங்கிருங்களேன், அண்ணே" என்றாள் கோமு.

"வாக்கு குடுத்தாச்சுல்லா."

நவம்பர் 3, திங்கள்

கம்பெனியிலிருந்து பதில். கடிதம் என் பெயரில் போனதால் பதிலும் எனக்கு மட்டும் வந்திருக்கிறது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் விலையைக் குறைக்க இயலாதாம். கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் பழைய விலை, நவம்பர் 14 வரை. ஒரு குறியீடு தந்து 'உங்கள் தோழர்களுக்குத் தெரிவிக்கவும்' என்கிறார்கள்.

ஜெயித்துவிட்டோம்.

ஏழரைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். போனதும் கோமு, "அக்கா வந்தாச்சு, இனிமே ஆரம்பிக்கலாம்" என்றாள். நாளைக்குச் சொல்வோம்.

நவம்பர் 4

சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஜேசுதாசன் நாளை தருவைகுளத்துப் படகில் தங்கு கடலுக்குப் போகிறார். பத்து நாள் நடுக்கடலில். போனில் சிக்னல் இருக்காது.

"யக்கா, லெட்டருக்குப் பதில் எதும் வந்துச்சா? வந்திருந்தா இன்னைக்கே வாங்கி மகளப் பாத்துட்டுப் போவேன். அவளுக்கு இன்னைக்கி லீவு."

வரவில்லை என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. நாற்பத்தொன்பது வயசு, ஞாயிறுதோறும் கோயில். சொன்னால் என்ன ஆகும்? எல்லாரும் வாங்கிக்கொண்டு புது ஊருக்குப் போவார்கள், அங்கே ஆயிரம் வேலை இருக்கும். வரப்பில் நின்று பேச யாருக்கு நேரம்? என்னிடம் கேட்க என்ன இருக்கும்? அதற்காக ஒரு தகப்பனை— சீ.

நவம்பர் 9, ஞாயிறு

ஓசூரிலிருந்து அக்கா பேசினாள். சாப்பிட்டியா, பூட்டினியா, வைக்கட்டுமா. இரண்டு நிமிடம்.

கோயிலுக்குப் போகவில்லை.

நவம்பர் 11

மழை. ஏழரைக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர்தான். சிலர் சலித்து முழு விலைக்கே வாங்கிவிட்டார்களாம். "கம்பெனிக்காரன் மதிக்கல்ல, அக்கா. ஒங்க எழுத்து வீணாப் போச்சு" என்று சல்மான் எனக்கு ஆறுதல் சொன்னார். அவருடைய ஆறுதலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பிறவி நான்?

நவம்பர் 13, வியாழன்

இன்று போட்டுவிட்டேன். கடிதத்தை அப்படியே படம் எடுத்து எல்லாரும் பார்க்கும்படி. தேதி இருக்கிற மேல்பகுதியை வெட்டிவிட்டுப் போட்டிருக்கலாம். வெட்டவில்லை.

முதலில் ஒரே கொண்டாட்டம். நாளைதான் கடைசி நாள், சீக்கிரம் சீக்கிரம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பத்து நிமிடம் கழித்து சல்மான் கேட்டார், "யக்கா, இதுல மூணாந்தேதின்னு போட்டிருக்கே?"

"ஆமா."

"பத்து நாளா ஒங்ககிட்டயா இருந்துச்சு?"

"ஆமா."

"எதுக்கு?"

எழுத்தில் தட்டினேன்: 'சொன்னா எல்லாரும் போயிருவீங்கன்னு.'

பிறகு கோமு, "அக்கா, எங்க வீட்ல இருந்து கூப்பிடுதாவ" என்று போய்விட்டாள். சல்மான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மொத்தம் முந்நூறு பேரு. நாப்பது பேரு கூடுதல் துட்டு குடுத்து வாங்கிட்டானுவ. அவனுவளுக்கு நா என்ன பதில் சொல்ல?" என்றார்.

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நியாயம்தான்.

நவம்பர் 15

விளையாட்டின் கருத்துகளில் இப்போது என்னைப் பற்றி எழுதுகிறார்கள். 'கம்பெனியைவிட இந்த அக்கா மோசம்.' படித்தேன். எல்லாவற்றையும் படித்தேன்.

நவம்பர் 16

ஏழரை. துணி மடித்தேன். ஏழே முக்கால்.

நவம்பர் 19, புதன்

ஜேசுதாசன் கரைக்கு வந்திருக்கிறார். சல்மானிடம் என் நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். இதுவரை விளையாட்டுக்குள் கேட்ட குரல், போனில் கேட்டபோது வேறு ஆள் போல இருந்தது.

"நா உங்கள்ட்ட என்ன கேட்டேன்? பதில் வந்துச்சான்னு கேட்டேன். வரலன்னு சொன்னீங்க. கடலுக்குப் போறவன்ட்ட பொய் சொல்லலாமா யக்கா? வந்தாலும் வருவேன்னு மகள்ட்ட சொல்லி வச்சிருந்தேன். அன்னைக்கி அவ ஒம்பது மணிவரைக்கும் அந்த ஆத்தங்கரையில வந்து நின்னிருக்கா. அப்பா வருவாரு வருவாருன்னு. கடலுக்குப் போனா திரும்பி வர்றது நம்ம கையிலயா இருக்கு?"

அவர் நிறுத்தவில்லை. நாற்பது நிமிடம். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "கேக்குதீங்களா?" என்றார்.

"கேக்கேன்."

"எனக்கு நீங்க மன்னிப்பு சொல்லாண்டாம். அவகிட்ட சொல்லுங்க. இங்க வந்து, என் முன்னால வச்சுச் சொல்லுங்க."

போனில் சொல்கிறேனே என்றேன். "போன்லதான் பொய்யும் சொன்னீங்க" என்றார்.

நவம்பர் 25

போகத்தான் வேண்டுமா? முகம் தெரியாத வீடு.

நவம்பர் 29

இன்று கரையூரைத் திறந்து பார்த்தேன். பழைய வயலில் நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. அறுக்கவில்லை. மூடிவிட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலை ஆறரைக்கு ஏரல் வழியாகப் போகும் திருச்செந்தூர் பஸ். ஆத்தூரில் இறங்கி டவுன் பஸ். புன்னக்காயல் பஸ் நிறுத்தத்தில் லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் நின்றார். நான் நினைத்ததைவிடக் குள்ளம், தலை முழுக்க நரை. "எப்சி அக்காவா?" என்றார். சிரிக்கவில்லை. முன்னால் நடந்தார்.

அவர் மனைவி பிலோமி வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், "இவுரு ஏசிக்கிட்டேதான் இருப்பாரு, நீங்க இருங்க" என்று நாற்காலி போட்டாள். ஜேசுதாசன் மஸ்கட்டுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். திரையில் நர்ஸ் உடுப்பில் அந்தப் பெண். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மூன்று வரி வரவில்லை. "அன்னைக்கு உங்க அப்பா வராததுக்கு நான்தாம்மா காரணம். பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"அப்பா சொன்னாங்க." உடுப்பின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு ரொம்பக் கோவம் வந்துச்சு அத்தை. டூட்டியில அழுதேன்."

"ஆமாம்மா."

"நீங்க அங்க தனியாவா இருக்கீங்க?"

ஆமாம் என்றேன்.

"நானும்தான்" என்றாள். "இத்தனை பேரு ஒரே ரூம்ல. ஆனாலும்."

பிலோமி போனை வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் சோறும் ஊளிமீன் குழம்பும். ஜேசுதாசன் என்னிடம் பேசவே இல்லை, ஆனால் என் தட்டில் துண்டு தீர்ந்ததும் சட்டியை என் பக்கம் தள்ளினார். நான்கு மணிக்குப் பஸ் ஏற்றிவிட வந்தார்.

"கோவம் போகல்ல. ஒங்களுக்குத் தெரியட்டும்."

"தெரியும்" என்றேன்.

பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலருகே வந்தார்.

"வர்ற வெள்ளிக்கெழம அவளுக்கு லீவு. நானும் பேக் வாங்கிட்டேன், சாயங்காலம் வல போடப் போறோம். மூணு பேருன்னா பெரிய வல போடலாம். நீங்க மழைக்காலப் பேக் வாங்கிட்டீங்களா?"

"இல்ல."

"இப்ப நானூத்தி நாப்பத்தொம்பது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஏரல் தாண்டும்போது சாரல் அடித்தது. ஷட்டரை இறக்கிவிட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு வாங்கினேன். முழு விலைக்கு.