ஒலிபெருக்கியில் சொன்ன பெயர்

கேட்டேன், சேர். எல்லாரையும் போல நானும் கேட்டேன்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியை யாரோ விரலால் தட்டினார்கள். அந்த டொக் டொக் வந்தால் எங்கள் தெருவே பேச்சை நிறுத்தும். பிறகு ஜனாஸா அறிவித்தல்: ஊரில் ஒரு மரணம். ஒரு பெயர். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பன். யாருடைய ஆசிரியர் என்று அதில் சொல்வதில்லை. எந்த மரணத்துக்கும் சொல்வதுபோல "இன்னாலில்லாஹி" என்றேன். சட்டியில் பொரிந்துகொண்டிருந்த சூடை மீனைத் திருப்பிப் போட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, எனக்கு மூத்தவரான காக்கா அடக்கம் முடிந்து மையவாடி மண்ணோடு வந்து வாசலில் கால் கழுவினார்.

"ஆர் காக்கா மவுத்து?"

"குடை சேர்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"இதென்ன கதை? ஸ்பீக்கர்ல ஊருக்கே சொன்னாங்க. நீ ஊட்டதானே இருந்தாய்?"

காக்கா உங்களிடம் படித்தவர் அல்ல. உங்கள் கபுறுக்கு மண் போட்ட கை அவருடையது.

ஆறாம் வகுப்பு. வாப்பா பஸ் நிலையத்தில் கச்சான் கடலை விற்றதால் ஊரில் எனக்குப் பெயரே கச்சான். சில டீச்சர்மார்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதல் நாள் நீங்கள் என் முழுப் பெயரைச் சொன்னீர்கள். யாரும் எழும்பவில்லை. நானும்தான். திரும்பவும் சொன்னீர்கள். குடையை மேசையில் சாய்த்துவிட்டு அப்படியே நின்றீர்கள்.

"சேர், அது கச்சான்ட பேரு," என்றான் ஒருவன்.

"கச்சான் கடையில கிடக்கும். இஞ்ச இரிக்கிறது ஆள்."

எழும்பினேன்.

பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "உங்களுக்கும் பேர் இரிக்கா சேர்?"

வகுப்பே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

"இரிக்கு மனே. ஒருத்தரும் கேக்கல்லயே."

அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. பாடம் தொடங்கிவிட்டது. மழையில்லாத மாதங்களிலும் சைக்கிளில் தொங்கிய அந்தக் குடைதான் கடைசிவரை உங்கள் பெயர்.

பல்கலைக்கழகத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது முதல் தடவையிலேயே எழும்பினேன். அது நீங்கள் தந்தது.

எனக்கு விளங்காதது இதுதான். அன்று நான் இன்னாலில்லாஹி சொன்னது யாருக்கு? முகமில்லாத ஒரு பெயருக்குச் சொன்னேன். உங்களுக்கென்று சொல்லவில்லை. ஆனால் அது நீங்கள்.

உம்மாவிடம் கேட்டேன்.

"ஓதினா சேரும் மகள். ஆரெண்டு அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். எனக்கல்லவா தெரியவில்லை.

தெரிந்த பிறகும் ஓதினேன். அழுதேன். அழுதது குடை சேருக்காக. ஒலிபெருக்கியில் சொன்ன அந்தப் பெயருக்காக இன்னும் அழுகை வரவில்லை. அதைத் தனியே சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் முகம் அதில் வந்து உட்கார மறுக்கிறது. இரண்டு பேர் இறந்ததுபோல இருக்கிறது. ஒருவரை எனக்குத் தெரியாது. அந்த மனிதர் வீட்டில் எப்படி இருந்தார், யார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எதுவும் தெரியாது. துக்கத்தில் பாதியை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மறுபடி டொக் டொக். ஒரு பெண்ணின் பெயர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய். நான் அறியாத பெயர்.

இன்னாலில்லாஹி சொன்னேன். அபாயாவைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டு ராத்தாவிடம் போய், அது யார் என்று கேட்டேன்.